ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு ஒரு பேரேடு

ஓர் அம்பாசிடர் காரின் எடை ஏறக்குறைய 1,100 கிலோ. காயலான் கடையில் கிலோ 30 ரூபாய்க்கு எடுப்பார்கள் என்று வைத்துக்கொண்டால் 33,000 ரூபாய் ஆகிறது. கண்ணாடி, சீட்டு, டயர் எல்லாம் இரும்பு விலைக்குப் போகாது. ஆகவே கைக்கு வருவது இன்னும் குறையும். "பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க" என்று வீட்டில் சொல்கிறவர்கள் மனதில் வைத்திருக்கும் தொகை இதுதான்.

இன்னொரு தொகையும் உண்டு. 2017 பிப்ரவரியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 'அம்பாசிடர்' என்ற பெயரை பிரான்ஸின் பெஜோவுக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அந்தக் கார் தயாரிப்பு நின்றுபோய் மூன்று ஆண்டுகள் ஆகப்போகும் நேரம் அது. 80 கோடியை 33,000-ஆல் வகுத்தால் 24,242 வருகிறது. அதாவது, அந்தப் பெயரின் விலைக்கு ஈடாக 24,242 கார்களை உடைத்துப் போட வேண்டும். 1980-களின் நடுவில், ஆண்டுக்கு 20,000 கார்களுக்கு மேல் விற்ற நல்ல காலத்தில், ஒரு வருஷத்து உற்பத்தி முழுவதையும் உடைத்தால்தான் அந்தத் தொகை தேறும். 2013-14இல் விற்றது சுமார் 2,200 கார்கள் மட்டுமே. வாங்க ஆளில்லாத காருக்கு இவ்வளவு விலையுள்ள பெயர் இருந்தது என்றால், பாசம் என்பது சந்தைக்கு வெளியே உள்ள சமாச்சாரம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கும் விலை போட்டிருக்கிறார்கள். அந்த விலையில் ஒரு பைசாகூட வண்டியை வைத்திருப்பவருக்குப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

அவருக்கு மிஞ்சுவது செலவுப் பக்கம்தான். அந்தப் பக்கத்தை யாரும் ஒழுங்காக எழுதிப் பார்ப்பதில்லை. வண்டி வைத்திருப்பவர் "பெரிசா ஒண்ணும் செலவு இல்லைங்க" என்பார். மற்றவர்கள் "பெட்ரோலாக் குடிக்கும்" என்பார்கள். இரண்டுமே தப்பு.

கட்டணத்திலிருந்து தொடங்கலாம். பதிவு செய்து 15 ஆண்டு முடிந்த சொந்தக் காருக்கு எஃப்.சி. காட்டி ஆர்.சி.யை ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 மார்ச் வரை அதற்கான மத்திய அரசுக் கட்டணம் 600 ரூபாய். அந்த ஏப்ரல் முதல் 5,000. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தம், 20 ஆண்டு தாண்டிய காருக்கு அதை 10,000 ஆக்கியது. மூன்றரை ஆண்டில் கிட்டத்தட்ட 17 மடங்கு. மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாய் 1,000 ஆகி, 20 ஆண்டு தாண்டியதற்கு 2,000 ஆகியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த கார் என்றால் 80,000. பசுமை வரியும் ஏஜென்ட் கூலியும் தனி. கேட்கும்போது பகீரென்றுதான் இருக்கும். ஆனால் 10,000 ரூபாயை ஐந்தாண்டுக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 2,000தான் விழுகிறது. பழைய வண்டிக்காரர்கள் அதிகம் புலம்புவது இந்த வரியைப் பற்றி. பேரேட்டிலேயே மிகச் சின்ன வரி இதுதான்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். இதில் சிசி கணக்கு விளையாடுகிறது. 2022-இல் அறிவித்த தேர்டு பார்ட்டி விகிதப்படி 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரையுள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். 1,500-ஐத் தாண்டினால் 7,897. பழைய அம்பாசிடரின் பிஎம்சி எஞ்சின் 1,489 சிசி. பதினொரு சிசி வித்தியாசத்தில் தப்பித்துவிடுகிறது. ஜிஎஸ்டி சேர்த்து 4,031 ரூபாய். 1992-க்குப் பிறகு வந்த இசுசு எஞ்சின் அம்பாசிடர் 1,817 சிசி, அதற்கு 9,318. ஓட்டுவதற்கு இசுசுதான் சுகம், ஐந்து கியர், இழுவையும் உண்டு. ஆனால் சும்மா நிறுத்தி வைத்து அழகு பார்ப்பதென்றால் கிழ எஞ்சின்தான் லாபம்.

புல்லட்டுக்கும் இதே அதிர்ஷ்டம். பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ.; பெருக்கிப் பார்த்தால் 346 சிசி. 150-க்கு மேல் 350 வரைக்குமான தேர்டு பார்ட்டி 1,366 ரூபாய், ஜிஎஸ்டியோடு 1,612. 350-ஐத் தாண்டியிருந்தால் இரண்டு மடங்குக்கு மேல், 2,804. டிவிஎஸ் 50 வைத்திருப்பவருக்கு வெறும் 538. அவர் இந்தக் கட்டுரையை இத்துடன் மூடிவிட்டுப் போகலாம்.

இனி பெட்ரோல். அம்பாசிடர் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுக்கும் என்பது நல்ல டியூனிங்கில், நெடுஞ்சாலையில். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. ஆக, 9.3 கி.மீ. லிட்டர் 100 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்தால் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் 75 காசு. வருஷத்துக்கு 2,000 கி.மீ. ஓடும் காருக்கு 215 லிட்டர், 21,500 ரூபாய். இதில் எத்தனாலால் கூடியது 1,500 ரூபாய் மட்டுமே. எத்தனாலின் நிஜமான செலவு மைலேஜில் இல்லை, ரப்பரில் இருக்கிறது. பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், ஹோஸ், கார்புரேட்டர் கேஸ்கெட் இவையெல்லாம் அந்தக் காலத்து ரப்பர். எத்தனாலில் ஊறி உப்பிப்போகும், பிறகு வெடிக்கும். போதாதற்கு எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் டேங்கில் இது நல்லதல்ல.

நிற்பது என்றதும் மெக்கானிக்கின் கட்சியைக் கேட்க வேண்டியிருக்கிறது. பழைய வண்டி பார்க்கும் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் ஒரே பாட்டுதான்: "ஓட்டுனா கெடாதுண்ணே, நிறுத்துனாத்தான் கெடும்." இதை அவருடைய வியாபாரப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. நிற்கும் வண்டியில் பேட்டரி தானே இறங்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றி அரக்காகி ஜெட்டை அடைக்கும். பிரேக்கின் வீல் சிலிண்டருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து இறுகும். அம்பாசிடரின் முன் சஸ்பென்ஷனில் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன. கிரீஸ் கன் வைத்து அடிக்காமல் விட்டால் கிங் பின் காய்ந்து, ஸ்டியரிங் திருப்பக் கை வலிக்கும். இவை எதுவும் கிலோமீட்டரைப் பார்த்து வருவதில்லை. காலண்டரைப் பார்த்து வருகின்றன. ஆகவே மெக்கானிக் செலவை இரண்டாகப் பிரித்து எழுதுகிறேன்: நின்றாலும் ஓடினாலும் வருஷத்துக்கு 25,000, அதற்கு மேல் ஓடும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். இது என் உத்தேசம். உங்கள் வண்டிக்கு வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு பெரிதாக மாறாது.

ஒரு வரி விட்டுப்போயிற்று. இடம். காரின் நீளம் 4.3 மீட்டர், அகலம் 1.66 மீட்டர்தான், ஆனால் கதவைத் திறந்து ஆள் இறங்க வேண்டுமே. சென்னைக் கட்டட விதிகளில் ஒரு கார் நிறுத்துமிடம் 2.5-க்கு 5 மீட்டர். சதுர அடியில் சொன்னால் 134.5. சதுர அடிக்கு மாதம் 15 ரூபாய் வாடகை என்று மிகவும் தாராளமாகக் குறைத்துப் போட்டாலும் மாதம் 2,018, வருஷத்துக்கு 24,210. "சொந்த வீடு, சொந்த ஷெட், இதுக்கு எதுக்கு வாடகை?" என்று கேட்பார்கள். அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டால் வாடகை வரும் அல்லவா? அதை விட்டுக்கொடுப்பதும் செலவுதான். மெக்கானிக் செலவுக்குச் சமமான இந்த வரியை யாரும் எழுதுவதே இல்லை.

இப்போது கூட்டலாம். ஆர்.சி. 2,000, இன்ஷூரன்ஸ் 4,031, மெக்கானிக் 25,000, இடம் 24,210. மொத்தம் 55,241 ரூபாய். வண்டி இன்னும் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. 2,000 கி.மீ. ஓட்டினால் பெட்ரோலும் தேய்மானமும் சேர்ந்து 24,500 கூடி 79,741. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 40 ரூபாய். செலவாகும் ஒவ்வொரு 10 ரூபாயிலும் 7 ரூபாய், வண்டி நகராமலே போய்விடுகிறது. பெட்ரோலின் பங்கு கால்வாசியைச் சற்றுத்தான் தாண்டும். வருஷத்துக்கு 1,000 கி.மீ. மட்டும் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 67 ரூபாய் 50 காசு. 5,000 ஓட்டினால் 23 ரூபாய் 30 காசு. செலவைக் குறைக்கிறேன் என்று வண்டியை வெளியே எடுக்காமல் வைத்திருப்பவர், பாசத்துக்கு அதிக விலை கொடுப்பவர்.

இதே காரைத் தினசரி வண்டியாக வைத்துக்கொண்டு, புதுக்காரே வாங்கவில்லை என்றால்? இங்கேதான் பழைய வண்டிக்காரர் ஜெயிக்கிறார். ஷோரூம் விலை 7 லட்சமுள்ள ஒரு பெட்ரோல் கார், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பின்பற்றும் தேய்மான அட்டவணைப்படி ஐந்தாண்டு முடிவில் பாதி விலை, 3.5 லட்சம் போய்விட்டது. வருஷத்துக்கு 70,000. முழு இன்ஷூரன்ஸ் 20,000, சர்வீஸ் 8,000 என்று வைத்தால் 98,000. இடம் இரண்டு காருக்கும் பொது. அதை இரு பக்கமும் அடித்துவிட்டால் அம்பாசிடருக்கு 31,031. வித்தியாசம் 67,000. அம்பாசிடரின் விலை விழ வேண்டிய அளவுக்கு என்றோ விழுந்துவிட்டது. இனி விழ இடமில்லை. புதுக்கார் 18 கி.மீ. கொடுத்தால் ஓட்டும் செலவு கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 56 காசு. அம்பாசிடருக்கு 12 ரூபாய் 25 காசு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6 ரூபாய் 69 காசு விட்டுக்கொண்டே போனால், 67,000 தீர 10,000 கி.மீ. ஆகும். அந்த எல்லைக்குள் ஓட்டுகிறவருக்குப் பழைய காரே மலிவு. அதைத் தாண்டினால் புதுசு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அறிந்தவரை, அம்பாசிடர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஒரு ஸ்விஃப்டோ ஐ20யோ ஏற்கெனவே நிற்கிறது. அவர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. புதுக்காரின் 70,000 தேய்மானம் அவர்கள் வீட்டிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய கார் மிச்சப்படுத்தியது எதுவுமில்லை. அது முழுக்க மேல்செலவு. அதை மேல்செலவு என்றே எழுதிவிட்டுப் போவதில் என்ன குறைச்சல்? கோயிலுக்கும் கச்சேரிக்கும் செலவழிப்பதை யாரும் முதலீடு என்று சொல்லி நிரூபிப்பதில்லையே.

சுற்றுச்சூழல் வாதத்திலும் இதே ஓட்டை உண்டு. ஒரு சிறிய பெட்ரோல் காரைத் தயாரிப்பதில் 5 முதல் 7 டன் வரை கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். 6 டன் என வைப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. அம்பாசிடர் கிலோமீட்டருக்கு 247 கிராம் விடும், புதுக்கார் 128 கிராம். தயாரிப்பில் போன 6 டன்னைப் புதுக்கார் தன் சிக்கனத்தால் ஈடுகட்ட 50,000 கி.மீ. ஓட வேண்டும். வருஷத்துக்கு 2,000 கி.மீ. ஓட்டும் வீட்டில் அதற்கு 25 வருஷம். "பழசை ஓட்டுவதே பசுமை" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், புதுக்கார் வாங்காமல் இருந்தால்.

கார்பன் மோனாக்சைடில் அந்தப் பெருமைக்கும் இடமில்லை. இந்தியாவில் பெட்ரோல் கார்களுக்கு முதல் வரம்பு 1991-இல் வந்தது: காரின் எடையைப் பொறுத்து கிலோமீட்டருக்கு 14.3 முதல் 27.1 கிராம் வரை. இன்றைய பி.எஸ். 6 வரம்பு 1 கிராம். 1991 வரம்பைச் சரியாகக் கடைப்பிடிக்கும் ஒரு கார் 2,000 கி.மீ. ஓடினால் 28.6 முதல் 54.2 கிலோ வரை விடலாம். அதே அளவை விட ஒரு புதுக்கார் 28,600 முதல் 54,200 கி.மீ. வரை ஓட வேண்டும். புகைச் சான்றிதழிலும் பழைய கார்களுக்குச் சலுகைதான். ஐட்லிங்கில் 3 சதவீதம் வரை போகலாம், பி.எஸ். 4-க்குப் பிந்தைய கார் 0.3-ஐத் தாண்டக்கூடாது. பத்து மடங்கு. மற்ற வரிகளுக்கெல்லாம் பணம் கொடுப்பவர் வண்டிக்காரர். இதை மட்டும் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் மூச்சால் கட்டுகிறார். கார்புரேட்டரை ஒழுங்காக டியூன் செய்து வைப்பதை நான் ஆசை என்று எண்ணவில்லை, கடன் என்றுதான் எண்ணுகிறேன்.

இத்தனைக்கும் நடுவே புல்லட்டின் கணக்கு எவ்வளவு லேசானது! 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. வருஷத்துக்கு 400, இன்ஷூரன்ஸ் 1,612; இரண்டும் சேர்ந்து 2,012. மாடிப்படிக்குக் கீழே நிறுத்திக்கொள்ளலாம். பழைய கார்களைவிடப் பழைய புல்லட்டுகள் ஊருக்கு ஊர் அதிகம் பிழைத்திருப்பதற்கு அதன் ஓசையைக் காரணம் சொல்வார்கள். நான் படிக்கட்டைச் சொல்வேன்.

ஓசைக்கும் பங்கில்லை என்று சொல்லவில்லை. பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சாவியைப் போட்டதும் ஹெட்லைட் கூட்டில் இருக்கும் ஆம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் முள் நடுவுக்குத் தாவும்; பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே நிறுத்தி, டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, இம்மியளவு கீழே தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கெண்டைக்கால் பழுத்துவிடும். பாயின்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.; அதில் ஒரு முடி அளவு தவறினாலும் இந்தச் சடங்கு பலிக்காது. இவ்வளவையும் கற்றுக்கொண்டவர் அந்த வண்டியை எப்படி விற்பார்? கற்றதையும் சேர்த்தல்லவா விற்க வேண்டும்? அதற்கு எவனும் விலை கொடுக்க மாட்டான்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வண்டி இது. 1955-இல் அதன் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது; பிறகு திருவொற்றியூரில் தயாரிப்பு தொடங்கியது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடியது. திருவொற்றியூர் அதே புல்லட்டை விடாமல் செய்து, 1977 முதல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. பிறந்த ஊர் மறந்துபோன வண்டியைப் புகுந்த ஊர் திருப்பி விற்ற கதை. 2010 வாக்கில் வார்ப்பிரும்பு எஞ்சின் நின்றது, அதோடு வலப்பக்கக் கியர் போயிற்று, ஓசை போயிற்று என்று பழைய ஆட்கள் ஒப்பாரி வைத்தார்கள். 2010-இல் கம்பெனி விற்ற வண்டிகள் மொத்தம் ஏறக்குறைய 52,000. 2014-இல் 3 லட்சத்தைத் தாண்டியது. பழைய உருவம், புது எஞ்சின், கையில் பட்டன் ஸ்டார்ட். பாசத்தை ஷோரூமிலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். கெண்டைக்கால் தப்பித்தது.

பேரேட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு: அடுத்த தலைமுறை. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கையால் வாங்கியவர் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். விலை 47,500 ரூபாய். 2010-இல் அவர் இறக்கும்வரை, 27 ஆண்டுகள், அதை விற்கவே இல்லை. அவருக்குப் பின் அந்தக் கார் வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துக் கிடந்தது. கடைசியில் புதுப்பித்து நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் வைத்தார்கள். நாட்டின் முதல் மாருதிக்கே இந்தக் கதி. வரிசையில் லட்சமாவது வண்டியாக வந்ததை எந்தக் கம்பெனியும் தேடி வராது. அப்பாவின் ஆசை பிள்ளைக்கு ஆர்.சி. பெயர் மாற்றத்தோடு சேர்ந்து வந்துவிடுவதில்லை. வருவது 55,241 ரூபாய்ச் செலவும் 134 சதுர அடியும்தான். கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015-இல் கார் அருங்காட்சியகமே திறந்தார்கள்; அந்த வசதி எல்லோருக்கும் உண்டா?

பொறுமையுள்ளவர்களுக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 2021 விதிப்படி 50 ஆண்டு கடந்த, உடம்பை மாற்றாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000, நம்பரில் 'விஏ' எழுத்துகள், பத்தாண்டுச் செல்லுபடி, பிறகு புதுப்பிக்க 5,000. தேர்டு பார்ட்டி பிரீமியம் பாதி. ஆனால் தினசரி ஓட்டத்துக்கு ஆகாது. கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு என்று காரணம் வேண்டும். 2014-இல் கடைசியாக வந்த அம்பாசிடர் ஒன்றை இன்று வைத்திருப்பவர் அந்த 'விஏ'வைப் பார்க்க 2064 ஆகும். நடுவே 2029-இல் 5,000, 2034 முதல் 2059 வரை ஆறு தடவை 10,000, கடைசியில் 20,000. இன்றைய விகிதத்தில் 85,000 ரூபாய். அந்த ஐம்பது வருஷத்துக்கும் ஷெட் வாடகை, இன்றைய விகிதத்திலேயே, 12,10,500.